பூக்களின் அருகே உட்கார்ந்த வாத்தியார்

பூசணிக் கொடி நிறையப் பூத்திருக்கிறது. எங்கு பார்த்தாலும் மஞ்சள் பூ. ஆனால் காய் பிடிக்கவில்லை. பூவின் அடியில் சிறு பிஞ்சு தெரிகிறது. இரண்டு மூன்று நாளில் அது வெம்பி, அழுகி, உதிர்ந்து விடுகிறது. நம்மில் பலர் இதைப் பார்த்திருப்போம். "கண் பட்டுவிட்டது" என்பார் ஒருவர். "உரம் போதவில்லை" என்பார் இன்னொருவர்.

பல சமயம் காரணம் வேறு. பூசணியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஆண் பூவுக்கு நீளமான, மெல்லிய காம்பு இருக்கும். பெண் பூவின் அடியில் குட்டிப் பூசணி போல ஒரு பிஞ்சு இருக்கும். ஆண் பூவின் நடுவில் மஞ்சள் பொடி உண்டு. அதன் பெயர் மகரந்தம். அந்தப் பொடி பெண் பூவின் நடுவில் உள்ள பிசுபிசுப்பான பகுதியில் ஒட்ட வேண்டும். அந்தப் பகுதிக்குச் சூல்முடி என்று பெயர். பொடி ஒட்டினால்தான் பிஞ்சு காயாகும். ஒட்டாவிட்டால் பிஞ்சு வெம்பி விடும்.

பொடியைக் கொண்டு போய்ச் சேர்ப்பது யார்? தேனீ. பூசணிப் பூ விடியற்காலையில் திறக்கும். மதியத்துக்கு முன் வாடி மூடிக் கொள்ளும். அந்தச் சில மணி நேரத்தில் தேனீ வரவேண்டும். அந்த நேரம் பார்த்து நாம் பூச்சி மருந்து அடித்தால் தேனீ சாகும். காயும் போகும். மருந்து அடித்தே ஆகவேண்டும் என்றால் மாலையில் அடிப்பது நல்லது. தேனீயே வராத இடத்தில் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, பெண் பூவின் நடுவில் நாமே மெதுவாகத் தொட்டு விடலாம். காய் பிடிக்கும்.

பூவுக்கும் பூச்சிக்கும் உள்ள இந்தக் கொடுக்கல் வாங்கலை இன்று பள்ளிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். இது எப்படித் தெரிய வந்தது? ஒருவர் மட்டும் கண்டுபிடித்ததல்ல இது. ஆனால் இதற்காகத் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒருவர் ஜெர்மனியில் இருந்தார். அவர் பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்ல. ஒரு சிறு நகரத்துப் பள்ளிக்கூட வாத்தியார். பெயர் ஹெர்மன் முல்லர்.

இரண்டு சகோதரர்கள்

ஹெர்மன் முல்லர் 1829 ஆம் ஆண்டு செப்டம்பர் 23 ஆம் நாள் பிறந்தார். ஊர் ஜெர்மனியில் எர்ஃபுர்ட் நகருக்குப் பக்கத்தில் உள்ள மியூல்பர்க். தந்தை கிறிஸ்தவப் பாதிரியார். வீட்டில் பிள்ளைகள் பலர். ஹெர்மனுக்கு ஏழு வயது மூத்தவர் அண்ணன் ஃபிரிட்ஸ்.

அண்ணனைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தம்பியின் கதையில் அவர் அடிக்கடி வருவார். ஃபிரிட்ஸ் மருத்துவம் படித்தார். படிப்பு முடிந்ததும் மருத்துவர்கள் ஒரு உறுதிமொழி எடுக்க வேண்டும். அது கடவுள் பெயரால் எடுக்கும் உறுதிமொழி. "எனக்கு நம்பிக்கை இல்லாத ஒன்றைச் சொல்லி நான் உறுதி எடுக்க மாட்டேன்" என்பது ஃபிரிட்ஸின் நிலை. அதனால் அவருக்குப் பட்டம் கிடைக்கவில்லை. 1852 இல் மனைவி, குழந்தையோடு கப்பல் ஏறி, தென் அமெரிக்காவில் உள்ள பிரேசில் நாட்டுக்குப் போய்விட்டார். அங்கே காட்டை வெட்டி, நிலம் திருத்தி, குடியானவராக வாழ்ந்தார். பிறகு பள்ளியில் கணக்கும் சொல்லிக் கொடுத்தார். ஆனால் செடி, கொடி, பூச்சிகளைக் கவனிப்பதை ஒரு நாளும் விடவில்லை.

தம்பி ஹெர்மன் ஜெர்மனியிலேயே இருந்தார். ஹாலே, பெர்லின் ஆகிய நகரங்களில் இயற்கை அறிவியல் படித்தார். 1855 இல் லிப்ஸ்டாட் என்ற ஊருக்கு ஆசிரியராக வந்தார். லிப்பே என்ற ஆற்றின் கரையில் உள்ள சிறு நகரம் அது. அங்கே பிள்ளைகளுக்கு இயற்கை அறிவியல் கற்பிப்பது அவர் வேலை. சாகும் வரை அவர் அந்தப் பள்ளியை விட்டுப் போகவில்லை.

தொடக்கத்தில் அவர் பாசிகளைச் சேகரித்தார். ஈரச் சுவரிலும் மரப்பட்டையிலும் பச்சையாகப் படர்ந்திருக்குமே, அந்தச் சிறு செடிகள்தான். பள்ளி முடிந்த நேரத்திலும் விடுமுறையிலும் சுற்றுவட்டாரம் முழுக்க நடந்து அவற்றைச் சேகரித்தார். இதிலேயே அவர் காலம் முடிந்திருந்தால் அவருடைய பெயர் பாசி ஆராய்ச்சி செய்யும் சிலருக்கு மட்டுமே தெரிந்திருக்கும்.

1862 இல் இங்கிலாந்தில் சார்லஸ் டார்வின் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஆர்கிட் என்ற பூ வகையைப் பற்றியது அது. அந்தப் பூவின் வளைவு, மடிப்பு, கொம்பு ஒவ்வொன்றும் பூச்சியின் உடம்பில் மகரந்தத்தை ஒட்டவைக்க ஏற்றபடி அமைந்திருக்கிறது என்று டார்வின் விளக்கியிருந்தார். ஹெர்மன் அதைப் படித்தார். ஆர்கிட்டில் இப்படி என்றால், நம் ஊர் வயலிலும் வேலியிலும் பூக்கிற சாதாரணப் பூக்களில் எப்படி? இந்தக் கேள்வி அவரைப் பிடித்துக் கொண்டது.

அவருக்கு முன்னே ஒரு வாத்தியார்

இந்தக் கேள்வியை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கேட்டிருந்தார். அவரும் ஜெர்மனிக்காரர். அவரும் பள்ளிக்கூட வாத்தியார்தான்! பெயர் கிறிஸ்டியன் கொன்ராட் ஸ்பிரெங்கல். பெர்லினுக்கு அருகே ஸ்பாண்டவ் என்ற ஊரில் தலைமை ஆசிரியராக இருந்தவர்.

1787 இல் அவர் ஒரு காட்டுப் பூவைப் பார்த்தார். இதழ்களின் அடியில் மெல்லிய மயிர்கள் இருந்தன. "காரணம் இல்லாமல் இந்த மயிர் இருக்காது" என்று நினைத்தார். கூர்ந்து பார்த்தார். அந்த மயிர்களுக்குக் கீழே தேன் துளி இருந்தது. மழை நீர் தேனில் கலக்காதபடி மயிர்கள் காத்தன. அப்படியானால் தேன் யாருக்காக? பூச்சிக்காக. பூச்சி வந்தால் பூவுக்கு என்ன லாபம்? மகரந்தம் இடம் மாறும்.

ஆறு ஆண்டுகள் நூற்றுக்கணக்கான பூக்களைப் பார்த்து 1793 இல் அவர் ஒரு புத்தகம் எழுதினார். யாரும் மதிக்கவில்லை. அடுத்த ஆண்டே அவரை வேலையிலிருந்து அனுப்பி வைத்தார்கள். மீதி நாளைப் பெர்லினில் ஒரு வாடகை வீட்டில் எளிமையாகக் கழித்தார். 1811 இல் தேனீயின் பயனைப் பற்றி ஒரு சிறு நூலும் எழுதினார். தேனுக்காக மட்டும் அல்ல, விளைச்சலுக்காகவும் நாடு முழுக்கத் தேனீ வளர்க்க வேண்டும் என்றார். அதையும் யாரும் காதில் போட்டுக் கொள்ளவில்லை. 1816 இல் இறந்தார்.

டார்வின் 1841 இல் ஸ்பிரெங்கலின் புத்தகத்தைப் படித்து வியந்தார். அதன் பிறகுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் விட்ட இடத்திலிருந்துதான் ஹெர்மன் முல்லர் தொடங்கினார்.

நாக்கை அளந்த மனிதர்

ஹெர்மனின் முறை மிகவும் எளியது. பெரிய கருவிகள் எதுவும் இல்லை. ஒரு பூவைத் தேர்ந்தெடுப்பார். அருகே உட்கார்ந்து விடுவார். எந்தப் பூச்சி வருகிறது? எங்கே உட்காருகிறது? தலையை எங்கே நுழைக்கிறது? உடம்பில் எந்த இடத்தில் பொடி ஒட்டுகிறது? தேன் குடிக்கிறதா, பொடி எடுக்கிறதா, சும்மா போகிறதா? எல்லாவற்றையும் எழுதுவார். பூச்சியைப் பிடித்து அது என்ன வகை என்று பார்ப்பார். பூவை அறுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்துப் படம் வரைவார். பிறகு அடுத்த பூ. மழை நாளில் ஒரு முறை, வெயில் நாளில் ஒரு முறை. இந்த ஆண்டு, அடுத்த ஆண்டு.

கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஒரு மணி நேரம் ஒரு செடியின் முன் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். அப்போது தெரியும்!

அவர் செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. தேனீக்களின் நாக்கை அளந்தார். பூக்களின் குழாயையும் அளந்தார். தேன் பல பூக்களில் மேலாக இருக்காது. குழாய் போன்ற பகுதியின் அடியில் இருக்கும். நாக்கு அந்த நீளத்துக்கு எட்டினால்தான் தேன் கிடைக்கும்.

சிவப்புக் கிளோவர் என்று ஐரோப்பாவில் ஒரு தீவனச் செடி உண்டு. மாட்டுக்கு மிக நல்ல தீவனம். அதன் பூக்குழாய் 9 முதல் 10 மில்லிமீட்டர் நீளம். நாம் தேன் எடுக்கிறோமே, அந்தத் தேனீ வகையின் நாக்கு சுமார் 6 மில்லிமீட்டர்தான். எட்டாது. ஐரோப்பாவில் உடம்பெல்லாம் மயிர் அடர்ந்த குண்டுத் தேனீ வகைகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு வகைக்கு நாக்கு சுமார் 20 மில்லிமீட்டர். அது சுலபமாகக் குடிக்கும். குடிக்கும்போது பொடியும் உடம்பில் ஒட்டும். பூவுக்கும் வேலை நடக்கும்.

அதே குண்டுத் தேனீயில் இன்னொரு வகைக்கு நாக்கு 7 முதல் 9 மில்லிமீட்டர்தான். அது என்ன செய்கிறது தெரியுமா? வாசல் வழியாக வருவதில்லை. பூக்குழாயின் பக்கவாட்டில் கடித்து ஓட்டை போடுகிறது. அந்த ஓட்டை வழியாகத் தேனை உறிஞ்சிக் கொண்டு போய்விடுகிறது. கன்னம் வைக்கும் திருடன் போல! பூவுக்கு ஒரு பயனும் இல்லை. அது போன பிறகு சாதாரணத் தேனீக்கள் வந்து அதே ஓட்டையில் மிச்சத்தைக் குடிக்கின்றன. இதையெல்லாம் முல்லர் ஒன்று விடாமல் எழுதி வைத்தார்.

இந்த நாக்குக் கணக்கு வெறும் வேடிக்கை அல்ல. நியூசிலாந்து நாட்டில் வெள்ளைக்காரர்கள் குடியேறியபோது சிவப்புக் கிளோவரைக் கொண்டு போய் விதைத்தார்கள். செடி செழித்தது. விதை மட்டும் சரியாகப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் இங்கிலாந்திலிருந்து விதை வாங்க வேண்டியிருந்தது. காரணம், அங்கே நீண்ட நாக்குக் குண்டுத் தேனீ இல்லை. 1885 இல் இங்கிலாந்திலிருந்து அவற்றைக் கப்பலில் கொண்டு போய் விட்டார்கள். அவை பெருகின. கிளோவர் அந்த மண்ணிலேயே நன்றாக விதை பிடிக்கத் தொடங்கியது.

1873 இல் முல்லரின் பெரிய புத்தகம் வந்தது. பூக்களுக்குப் பூச்சிகள் செய்யும் மகரந்தச் சேர்க்கை, பூவும் பூச்சியும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்கும் விதம், இவைதான் பொருள். 450 பக்கங்களுக்கு மேல். 150 படங்களுக்கு மேல். எந்தப் பூவுக்கு எந்தெந்தப் பூச்சி வந்தது என்ற பட்டியல் பக்கம் பக்கமாகப் போகும். படிக்கச் சுவையான பகுதி அல்ல அது. ஆனால் அந்தப் பட்டியல்தான் புத்தகத்தின் உயிர். "பூச்சி வருகிறது" என்று பொதுவாகச் சொல்ல யாராலும் முடியும். இந்தப் பூவுக்கு இந்தப் பூச்சி, இந்த இடத்தில் உட்கார்ந்து இதைச் செய்தது என்று சொல்ல, பார்த்தவரால்தான் முடியும்.

பூ மட்டும் பூச்சிக்கு ஏற்றபடி மாறவில்லை, பூச்சியும் பூவுக்கு ஏற்றபடி மாறியிருக்கிறது என்றும் முல்லர் காட்டினார். தேனீயின் முன்னோர் வேட்டையாடும் குளவிகள். அவற்றின் உடம்பில் மயிர் குறைவு. பூவையே நம்பி வாழத் தொடங்கிய பிறகு படிப்படியாக உடம்பில் மயிர் அடர்ந்தது. பின்னங்காலில் பொடி சேர்க்கும் இடம் அமைந்தது. நாக்கு நீண்டது. இந்தப் படிகளை இன்றும் வாழும் பல தேனீ வகைகளை வரிசையாக வைத்தே அவர் விளக்கினார்.

குருவோடு கருத்து வேறுபாடு

டார்வினை முல்லர் குருவாக மதித்தார். இருவரும் ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதிக் கொண்டார்கள். ஆனால் குரு சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் சீடர் அல்ல அவர்.

ஒரு செடியின் மகரந்தம் வேறொரு செடியின் பூவில் சேர்ந்தால் பிறக்கும் கன்றுகள் வலுவாக இருக்கும். தன் பொடி தனக்கே சேர்ந்தால் கன்றுகள் பல சமயம் மெலிந்து இருக்கும். இதை டார்வின் பல ஆண்டுகள் செடி வளர்த்துப் பார்த்து 1876 இல் ஒரு புத்தகமாக எழுதினார். அது சரிதான். ஆனால் முல்லர் வயலில் வேறு ஒன்றையும் பார்த்தார்.

காட்டுப் பான்சி என்ற சிறு செடியை எடுத்துக் கொள்வோம். அதில் இரண்டு விதம் உண்டு. ஒன்றுக்குப் பெரிய, பளிச்சென்ற பூ. பூச்சி தேடி வரும். இன்னொன்றுக்குச் சின்ன, மங்கலான பூ. பூச்சி அதிகம் வராது. ஆனாலும் அது விதை பிடிக்கிறது. எப்படி? தன் பொடியைத் தானே சூல்முடியில் சேர்த்துக் கொள்கிறது. பூச்சி குறைவாக உள்ள இடத்தில் இப்படிப்பட்ட செடி பிழைத்துக் கொள்ளும். வலுவான கன்று நல்லதுதான். ஆனால் கன்றே இல்லாமல் போவதைவிட மெலிந்த கன்று மேல் அல்லவா? இப்படிப்பட்ட செடிகள் பலவற்றை முல்லர் எடுத்துக் காட்டினார்.

கடிதம் கொண்டு வந்த பூ

பிரேசிலில் இருந்த அண்ணனும் ஜெர்மனியில் இருந்த தம்பியும் கடைசி வரை கடிதத்தில் பேசிக் கொண்டார்கள். கடிதம் கப்பலில் வாரக்கணக்கில் போகும். அண்ணன் அங்கே பார்த்த பூவைப் பற்றி எழுதுவார். தம்பி இங்கே பார்த்ததோடு ஒப்பிடுவார்.

ஃபிரிட்ஸ் அங்கே பார்த்த ஒரு பூவை நம்மில் பலருக்கும் தெரியும். உண்ணிச்செடி! சாலையோரத்திலும் காட்டிலும் புதர் புதராகக் கிடக்கும். ஆடு மாடு தின்னாது. தின்றால் நோய் வரும். இது நம் நாட்டுச் செடி அல்ல. அமெரிக்கக் கண்டத்துச் செடி. வெள்ளைக்காரர்கள் 1800களின் தொடக்கத்தில் அழகுக்காக இங்கே கொண்டு வந்தார்கள். இன்று நம் காடுகளை அடைத்துக் கொண்டு நிற்கிறது.

இந்தச் செடியின் பூங்கொத்தைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஒரு நிறம், ஓரத்தில் வேறு நிறம். ஃபிரிட்ஸ் பார்த்த வகையில் பூ முதல் நாள் மஞ்சள். இரண்டாம் நாள் ஆரஞ்சு. மூன்றாம் நாள் ஊதா. பட்டாம்பூச்சிகள் எந்தப் பூவில் நாக்கை நீட்டுகின்றன என்று அவர் கவனித்தார். மஞ்சள் பூவுக்குத்தான் அதிகம் வந்தன. சில வகைகள் ஆரஞ்சையும் தொட்டன. ஊதாப் பூவை எதுவும் தொடவில்லை.

அப்படியானால் வேலை முடிந்த பூ ஏன் உதிராமல் நிற்கிறது? உதிர்ந்து விட்டால் கொத்து சிறுத்துப் போகும். தூரத்திலிருந்து கண்ணில் படாது. நிறம் மாறாமலே நின்றால் பட்டாம்பூச்சி காலிப் பாத்திரத்தில் வாய் வைத்து நேரத்தை வீணாக்கும். நிறம் மாறி நின்றால் இரண்டு பயனும் கிடைக்கிறது. கடைப் பலகையும் தொங்குகிறது, "இங்கே சரக்கு தீர்ந்தது" என்ற சீட்டும் தொங்குகிறது. ஃபிரிட்ஸின் இந்தக் குறிப்பு 1877 இல் இங்கிலாந்தில் வெளியாகும் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்தது.

இதற்குத் தொடர்ச்சி நம் நாட்டில் உண்டு. நூறு ஆண்டுகள் கழித்து, டெல்லிப் பல்கலைக்கழகத்தில் எச்.ஒய். மோகன் ராம், கீதா மாத்தூர் என்ற இருவர் உண்ணிச்செடியை ஆராய்ந்தார்கள். 1978 இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். இங்கே இலைப்பேன்கள் மஞ்சள் பூவைத் தேடிப் போகின்றன, அவையே மகரந்தத்தைச் சேர்க்கின்றன என்று கண்டார்கள். மகரந்தம் சேர்வதுதான் நிறம் மாறத் தூண்டுகிறது என்றும் பிறகு காட்டினார்கள். மிளகாயில் இலை சுருளச் செய்யும் இலைப்பேனின் இனத்தைச் சேர்ந்தவைதான் இவை. அதற்கு இப்படியும் ஒரு வேலை!

சகோதரர்கள் சேர்ந்து விளக்கிய இன்னொரு புதிர். சில பூக்களில் மகரந்தத் தாள்கள் இரண்டு விதமாக இருக்கும். சில குட்டை, மஞ்சள், பளிச்சென்று தெரியும். சில நீளம், கண்ணில் படாது. எதற்கு இரண்டு? குட்டைத் தாளின் பொடி தேனீ தின்பதற்கு. தேனீ அதில் மும்முரமாக இருக்கும்போது, நீண்ட தாள் அதன் உடம்பில் வேறோர் இடத்தில் பொடியைத் தடவி விடுகிறது. அந்தப் பொடிதான் அடுத்த பூவுக்குப் போகிறது. கூலி தனி, சரக்கு தனி! ஹெர்மன் 1881 இல் இதை எழுதினார். சரக்கொன்றை பூக்கும்போது ஒரு பூவை எடுத்துப் பாருங்கள். மூன்று தாள்கள் மட்டும் நீண்டு வளைந்திருக்கும். மற்றவை குட்டை.

1880 இல் ஃபிரிட்ஸ் வாழ்ந்த ஊரில் பெருவெள்ளம் வந்தது. அவர் மயிரிழையில் உயிர் தப்பினார். செய்தி கேட்ட டார்வின் உடனே ஹெர்மனுக்குக் கடிதம் எழுதினார். அண்ணன் புத்தகங்களையோ கருவிகளையோ இழந்திருந்தால் அறிவியலின் நன்மைக்காக அந்த இழப்பை ஈடு செய்யத் தன்னை அனுமதிக்க வேண்டும் என்று கேட்டார். உதவி செய்கிறவரே கெஞ்சிக் கேட்பது போல அந்தக் கடிதம் இருந்தது.

வகுப்பறையில் வந்த வம்பு

இவ்வளவு நேரம் வயலில் நடந்ததைப் பார்த்தோம். பள்ளிக்கூடத்தில் நடந்தது வேறு கதை.

உயிரினங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் படைக்கப்படவில்லை, நீண்ட காலத்தில் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறி வந்தன என்பது டார்வினின் கொள்கை. முல்லர் இதைத் தன் மேல் வகுப்பு மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒரு சமயம் வகுப்பில் ஒரு புத்தகத்தின் பகுதி வாசிக்கப்பட்டது. உலகமும் உயிர்களும் தோன்றிய விதத்தை எல்லோருக்கும் புரியும்படி சொல்லும் புத்தகம் அது. 1876 இல் வந்தது. உயிருக்கு மூலம் கரிப்பொருள் என்று அதில் ஓரிடத்தில் இருந்தது. அதை பைபிள் வாசகத்தின் சாயலிலேயே ஆசிரியர் எழுதியிருந்தார்.

செய்தி பள்ளிக்கு வெளியே போனது. கத்தோலிக்கப் பத்திரிகைகள் கொதித்தன. வேத வாக்கைக் கேலி செய்கிறார் ஒரு வாத்தியார், நம் பிள்ளைகளின் மனதைக் கெடுக்கிறார் என்று எழுதின.

அவர்கள் கோபத்துக்கு ஒரு பின்னணியும் உண்டு. அதையும் சொல்வதுதான் நியாயம். அந்தப் பகுதியை ஆண்டது பிரஷ்ய அரசு. அந்த அரசு அப்போது கத்தோலிக்கத் திருச்சபையோடு கடும் சண்டையில் இருந்தது. சில பிஷப்புகளைச் சிறையில் கூட வைத்தது. பள்ளிக்கூடங்களைத் திருச்சபையின் மேற்பார்வையிலிருந்து எடுத்துக் கொண்டது. ஏற்கெனவே காயம் பட்டிருந்த மக்களுக்கு இந்த வகுப்பறைச் செய்தி உப்புத் தடவியது போல ஆயிற்று.

அறிஞர்களும் ஒரே பக்கம் நிற்கவில்லை. பெர்லினின் புகழ்பெற்ற மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ, இன்னும் நிரூபணம் ஆகாததைப் பள்ளியில் கற்பிக்கக் கூடாது என்று 1877 இல் ஒரு மாநாட்டில் பேசினார். கடைசியில் பேச்சு பிரஷ்யச் சட்டமன்றத்துக்கே போனது. 1879 ஜனவரியில் ஒரு சிறு நகரத்து வாத்தியாரின் பாடம் அங்கே விவாதிக்கப்பட்டது. கல்வி அமைச்சர் ஃபால்க் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

முல்லர் வாய் மூடி இருக்கவில்லை. அதே ஆண்டில் ஒரு சிறு நூல் எழுதித் தன் பாடத்தை விளக்கினார். பள்ளியில் கருதுகோளுக்கு இடம் உண்டா என்பதுதான் அந்நூலின் கேள்வி. கருதுகோள் என்றால், சான்றுகளை வைத்து "இப்படி இருக்கலாம்" என்று சொல்லும் விளக்கம். உண்டு என்பது அவர் பதில். அதை முடிந்த முடிவு என்று சொல்லாமல், கருதுகோள் என்றே சொல்லிக் கொடுக்க வேண்டும். விர்ஷோவின் அச்சத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை என்பது என் எண்ணம்.

முல்லரின் வேலை போகவில்லை. ஆனால் 1882 இல் பிரஷ்யாவின் உயர்நிலைப் பள்ளிகளில் மேல் வகுப்புகளிலிருந்து உயிரியல் பாடமே எடுக்கப்பட்டது. லிப்ஸ்டாட்டில் நடந்த இந்தச் சண்டையும் அதற்கு ஒரு காரணம் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பாடம் மேல் வகுப்புகளுக்குத் திரும்பி வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதாவது, பூவையும் பூச்சியையும் உலகத்துக்கே விளக்கிய ஒருவரின் நாட்டில், வளர்ந்த மாணவர்கள் அதைப் பள்ளியில் படிக்க முடியவில்லை.

மலைமேல் கடைசி நாட்கள்

கோடை விடுமுறை வந்தால் முல்லர் ஆல்ப்ஸ் மலைக்குப் போவார். பனி உருகியதும் மலைச்சரிவெல்லாம் பூக்கும். ஊரில் செய்ததையே அங்கும் செய்தார். உட்கார்ந்தார், பார்த்தார், எழுதினார். உயரம் போகப் போகத் தேனீக்களின் பங்கு குறைந்து, பட்டாம்பூச்சிகளின் பங்கு கூடுவதைக் கண்டார். ஆல்ப்ஸ் மலைப் பூக்களைப் பற்றி 1881 இல் 600 பக்கங்களுக்கு மேல் ஒரு புத்தகம் வந்தது.

1883 கோடையிலும் மலைக்குப் போனார். திரும்பி வரவில்லை. ஆகஸ்ட் 25 ஆம் நாள் டிரோல் மலைப் பகுதியில் பிராட் என்ற ஊரில் இறந்தார். வயது 53. அதே ஆண்டில் அவருடைய முதல் பெரிய புத்தகம் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதற்கு டார்வின் ஒரு முன்னுரை எழுதியிருந்தார். புத்தகம் வெளிவந்தபோது டார்வினும் இல்லை. 1882 ஏப்ரலிலேயே இறந்து விட்டார். அண்ணன் ஃபிரிட்ஸ் மட்டும் 1897 வரை பிரேசிலில் இருந்தார்.

முல்லரின் வேலையைப் பால் க்னூத் என்பவர் தொடர்ந்தார். அவரும் ஒரு பள்ளி ஆசிரியர்தான். கீல் என்ற துறைமுக நகரத்தில் இருந்தவர். முல்லரின் புத்தகத்தை அடிப்படையாக வைத்து, உலகின் பல பகுதிகளில் பார்த்தவற்றையும் சேர்த்து, பல பாகங்கள் கொண்ட பெரிய நூலாக எழுதினார். 1898 இல் முதல் பாகம் வந்தது. 1900 இல் க்னூத் இறந்தார். மீதியை மற்றவர்கள் முடித்தார்கள்.

இந்தப் பழைய பட்டியல்களால் இப்போது என்ன பயன் என்று கேட்கலாம். அமெரிக்காவில் கார்லின்வில் என்ற சிறு ஊர் உண்டு. சார்லஸ் ராபர்ட்சன் என்பவர் 1800களின் கடைசியில் அங்கே இதே முறையில் பூக்களின் அருகே உட்கார்ந்து, வந்த தேனீக்களை வகை வகையாக எழுதி வைத்தார். நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து ஆராய்ச்சியாளர்கள் அதே ஊருக்குப் போனார்கள். அதே பூக்களைப் பார்த்தார்கள். இடையில் காடு குறைந்து வயல் பெருகியிருந்தது. அவர்களின் கட்டுரை 2013 இல் வந்தது. காட்டுப் பூக்களுக்கு ராபர்ட்சன் காலத்தில் வந்த தேனீ வகைகளில் கிட்டத்தட்டப் பாதியை அங்கே காணவில்லை. எந்தெந்த வகை போயிற்று என்று பெயர் சொல்லிக் கூற அவர்களால் முடிந்தது. ராபர்ட்சனின் பட்டியல் கையில் இருந்தது.